வெப்பம் இறைத்தல்

பேர்கனில் இருக்கும் தம்பி
வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி பூட்டியிருக்கிறான்.
பனி கொட்டும் காற்றிலிருந்து
சூட்டை இறைத்து உள்ளே விடுமாம்.
"பனிக்குள்ளை என்னடா சூடு?" என்றேன்.
"எல்லாத்துக்குள்ளையும் கொஞ்சம் இருக்கு அக்கா,
எடுக்கத் தெரிய வேணும்."
மாதக் கடைசியில் மட்டும் பேசுகிறவன்
இதைச் சொல்ல நடுவாரத்தில் எடுத்தான்.

அதே பெட்டி மறுபக்கமாக ஓடினால்
எங்களுக்கு ஏசி.
காசு அனுப்புறன், பூட்டு என்கிறான்.

ஒட்டுசுட்டானில் சித்திரை முடிந்தும் சித்திரைதான்.
வீட்டுத்திட்டத்தில் எழும்பிய இரண்டு அறை.
பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவர்
இரவு பதினொன்றுக்குக் கக்கத் தொடங்கும்.
தையல் மிசினின் இரும்பில் கை வைக்க ஏலாது.
யசிந்தாவின் கொப்பி முழங்கையில் ஒட்டி
ஒரு பக்கத்துக் கணக்கு மறுபக்கத்துக்கு ஏறிவிடும்.

கிளிநொச்சியிலிருந்து ஜெகரூபன் வந்தான்,
மோட்டார்சைக்கிளில் நாடாவும் மீற்றரும்.
பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதினான்.
நிமிர்ந்து பார்த்தான். சீலிங் இல்லை.
சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே
அணில் வந்து போகும் வழி.
"இது அறை இல்லை அக்கா,
கூரை போட்ட முற்றம்."

இவர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்,
"குளிர் செய்யிற மிசினோ தம்பி?"
"இல்லை அண்ணை,
உங்கடை வெங்காயத் தோட்டத்து மிசின் மாதிரித்தான்.
உள்ளுக்கை நிக்கிற சூட்டை இறைச்சு
வெளியிலை விடும், அவ்வளவுதான்."
அதை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.
"அப்ப வாய்க்கால் எங்காலை போகுது?"
"பின்சுவராலை."
பின்சுவருக்கு அப்பால் மரியசீலியின் குசினி யன்னல்.
அவள் ஏற்கெனவே விறகு அடுப்போடு நிற்கிறவள்.

ஆறரைக்கு ஊரெல்லாம் லைற் போட்டதும்
மீற்றர் நூற்றித் தொண்ணூறுக்கு இறங்கியது.
"லைன் முடியிற இடத்திலை இருக்கிறியள்" என்றான்.
கறண்ட் பில்லைக் கேட்டுப் புரட்டினான்,
ஒன்றும் சொல்லாமல் மடித்துத் தந்தான்.

பிறகு சொன்னான்:
அந்த இடைவெளி எல்லாம் அடைக்க வேணும்,
இல்லாவிட்டால் இறைக்க இறைக்க ஊறும் கிணறு.
யன்னலுக்கு றப்பர்.
கதவு இரவு முழுக்கப் பூட்டு.

"கதவோ?"

"பூட்டித்தான் அண்ணை படுக்க வேணும்."

இவர் மாடு கட்டப் போனார்.
மாடு அப்போதே கட்டியாயிற்று.

நுளம்பு தின்றாலும் மழை தூவினாலும்
திறந்த கதவுப் பக்கம் கால் நீட்டிப் படுக்கிற மனுசன்.
ஒருக்கால் மண்மூடை அடுக்கிய ஒரு குழிக்குள்
ஆறு பேர் இருந்தோம்.
ஏறி வந்தது எத்தனை பேர் என்று
யசிந்தாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜெகரூபன் நாடாவைச் சுருட்டினான்.
எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்கவில்லை.
அவனுக்கும் முப்பத்தைந்து வயது இருக்கும்.
"முதல்லை சீலிங் அடியுங்கோ.
மேற்குச் சுவருக்கு ஒரு பந்தல், பாகல் ஏற விடுங்கோ.
அப்பிடியும் வெக்கையெண்டால் எடுங்கோ."
தேத்தண்ணி குடித்தான். காசு வேண்டவில்லை,
பெற்றோலுக்கு மட்டும்.

தம்பிக்குச் சொன்னேன், சரிவராதாம் என்று.
ஓடும் கறண்டும் பில்லும் சொன்னேன்,
கதவைக் கடைசியில் சொன்னேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
வெட்டுப்பட்டு விட்டதாக்கும் என்று பார்த்தேன்,
வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீ எப்பிடியடா
எல்லாத்தையும் பூட்டிப்போட்டு நித்திரை கொள்ளுறாய்?"

"பெட்டி இரையும் அக்கா.
மெல்லிசா.
பக்கத்திலை ஆரோ முழிச்சிருக்கிற மாதிரி."

யசிந்தாவின் கொப்பியின் கடைசித் தாளில்
சீலிங் சீற் பதினைந்து என்று எழுதினேன்.
அணில் போகிற மூலையை
என்ன செய்வதென்று தெரியவில்லை,
அதை எழுதாமல் விட்டேன்.